கடைமடைக்கு அப்பால் ஒரு காடு

தஞ்சைத் தரணியில் காடு ஏது என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். கல்லணைக்குக் கீழே நாம் காண்பதெல்லாம் வயலும் வாய்க்காலும், தென்னையும் வாழையும், தறியோசை கேட்கும் தெருக்களுமே. மலை இல்லாத சீமையில் காடு இராது என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் காவிரியின் கிளைகள் வயல்களையெல்லாம் நனைத்து முடித்துக் கடலைச் சேரும் தென்கோடியில், கடைமடை வயலுக்கும் அப்பால், ஒரு பெருங்காடு நிற்கிறது. அதுவே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காகோரையாறு முதலியவை வந்து கலக்கும் காயலும், அதைச் சுற்றிய சேற்று நிலமும், மரக்காடுமாக இதன் பரப்பு சுமார் 12,000 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 30,000 ஏக்கர். பழஞ்சூர், தாமரங்கோட்டை, மரவக்காடு, வடகாடு, துறைக்காடு, முத்துப்பேட்டை எனப் பல ஒதுக்குக் காடுகளாக இது வகுக்கப்பட்டிருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயத்தோடு சேர்த்து 2002-ம் ஆண்டில் இதற்கு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலை என்ற மதிப்பும் கிடைத்தது.

உலகம் மதிக்கும் இக்காட்டை யார் பேணுவது, எவ்விதம் பேணுவது, அதைப்பற்றிய முடிவுகளில் கரையோரத்துக் குடிகளுக்கு என்ன இடம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இது காட்டைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. கூட்டுறவின் அடிப்படையையே தொடும் விஷயம்.

கூப்பு முறையும் அதன் விளைவும்

ஒரு காலத்தில் இக்காட்டின் வருமானத்தில் ஒரு பகுதி தஞ்சைச் சத்திரங்களின் தர்மத்துக்குச் சென்றது. 1937-ம் ஆண்டில் இது ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டு வன இலாகாவின் முழு நிர்வாகத்துக்குள் வந்தது. விறகுக்காக மரங்களைக் ‘கூப்பு’ கூப்பாகப் பிரித்து, ஒரு கூப்பிலுள்ள மரங்களை ஒரே மூச்சில் வெட்டி எடுத்து, பின்னர் அடுத்த கூப்புக்குச் செல்வது அந்நாளைய முறை. வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானே தழைத்துவிடும் என்பது திட்டம் வகுத்தோரின் நம்பிக்கை. மலைக்காட்டில் இது ஓரளவு பலிக்கலாம். உப்பங்கழிக் காட்டில் பலிக்கவில்லை.

காரணம் என்ன? அலையாத்தி நிற்கும் சேறு எப்போதும் நிழலில் ஈரமாக இருக்கவேண்டியது. மரத்தை முழுதும் வெட்டிவிட்டால் வெயில் நேரே சேற்றில் விழுகிறது. ஈரம் வற்றுகிறது, மண் இறுகிச் சற்றே தாழ்ந்து தாம்பாளம்போல் குழிகிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் அக்குழியில் புகுகிறது. இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்குகிறது. பாக் நீரிணைப் பகுதியில் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கும் குறைவாதலால், தேங்கிய நீரை அடித்துச் செல்லும் வேகம் அதற்கு இல்லை. கோடையில் அந்நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சுகிறது. ஆண்டுதோறும் உப்பு ஏறிய அந்நிலத்தில் விதை விழுந்தாலும் முளைப்பதில்லை. களர் ஏறிய வயலில் நாற்று கருகுவதைப் பார்த்த உழவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு கூப்பு வெட்டிய இடங்களெல்லாம் பொட்டலாயின. அப்பொட்டலுக்குப் பழி யார்மீது விழுந்தது? மாடு மேய்த்தவர்மீதும் விறகு பொறுக்கிய பெண்கள்மீதும் விழுந்தது. அவர்களால் சேதமே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் மூலகாரணம் வேறு. அதை அறிய வேண்டுமானால் அச்சேற்றில் நாள்தோறும் கால் வைப்பவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் வழக்கம் அன்று இல்லை. கூப்பு முறை கைவிடப்பட்டது 1970-களில்தான்.

மீன் வாய்க்கால் கற்பித்த பாடம்

முத்துப்பேட்டைப் பகுதி மீனவரிடம் ஒரு பழைய தொழில்முறை உண்டு. காட்டின் உட்புறத்திலிருந்து காயலை நோக்கி அவர்களே வாய்க்கால் வெட்டுவார்கள். மழைக்காலத்தில் நீர் உயரும்போது மீனும் இறாலும் அவ்வாய்க்கால் வழியே உள்ளே ஏறும். நீர் வடியும்போது வாயில் வலையிட்டுப் பிடிப்பார்கள். இதற்கு வாய்க்கால் மீன்பிடி என்றே பெயர். மீனுக்காக வெட்டிய அவ்வாய்க்கால்களின் கரையில், யாரும் நடாமலே அலையாத்தி முளைத்துச் செழித்து நின்றது. ஓதநீர் வந்து வந்து போவதால் உப்பு கழுவப்பட்டு, மண்ணில் ஈரம் நின்றது என்பதே அதன் உட்பொருள்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர், வன இலாகாவோடும் கிராம மக்களோடும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டனர். அந்நிறுவனத்தை 1988-ல் தோற்றுவித்த சுவாமிநாதன் 1925-ல் நம் கும்பகோணத்தில் பிறந்தவர் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. இயற்கையான ஓடையிலிருந்து பொட்டலுக்குள் ஒரு தலைவாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள்போல் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் எல்லா மூலைக்கும் செல்லும். இறங்கும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பின்னர் வாய்க்கால் கரைகளில் கன்றும் விதையும் ஊன்றப்பட்டன. பொட்டலாய்க் கிடந்த நிலம் மீண்டும் பசுமை கண்டது. இம்முறை தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டி ஆந்திரத்துக் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும் ஒரிஸ்ஸாவுக்கும் சென்றது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நீரைப் பாய்ச்சுவதும் வடிப்பதும் டெல்டாக் குடிகளின் பரம்பரைக் கல்வி. விஞ்ஞானி மண்ணின் உப்பை அளந்து சொன்னார்; மேட்டையும் பள்ளத்தையும், ஓதம் எந்த வழியில் ஏறும் என்பதையும் உள்ளூரார் அறிந்திருந்தனர். இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தபோது, அரை நூற்றாண்டாகத் தீராத வழக்கு தீர வழி பிறந்தது. மக்களைக் கேட்பது அவர்களுக்குக் காட்டும் தாட்சண்யம் அன்று. திட்டம் பிழைபடாமல் இருப்பதற்கு வேண்டிய முதல் அங்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சட்டம் நடந்து வந்த வழி

காட்டு நிர்வாகத்தில் குடிகளின் இடம்பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சற்றுக் காண்போம். 1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்படி ஒரு நிலத்தை ஒதுக்குக் காடாக்குமுன் அறிவிப்பு வெளியிட வேண்டும்; பாத்தியதை உடையோர் கோரிக்கை அளிக்க அவகாசம் தரவேண்டும்; அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி விசாரித்துத் தீர்ப்புச் செய்ய வேண்டும். ஆகவே கேட்பது என்பது அன்றும் இருந்தது. ஆனால் கேட்ட கேள்வி, ‘இந்த நிலத்தில் உனக்கு என்ன பாத்தியம்?’ என்பதே. ‘இந்தக் காட்டை எப்படி நடத்தலாம்?’ என்று அச்சட்டம் கேட்கவில்லை. விசாரணை முடிந்ததும் குடியானவன் வேலிக்கு வெளியே நின்றான்.

எனினும் மாற்று யோசனையும் பழையதே. நமது கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சட்டம் 1904-ல் பிறந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் முதல் சங்கம் தோன்றியது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1913-ல், சென்னை ராஜதானியின் வனக் கமிட்டி, ரயத்துகளின் அன்றாடத் தேவைக்குரிய காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்று சிபாரிசு செய்தது. அதன் பயனாக வனப் பஞ்சாயத்துகளும் தோன்றின. வடக்கே குமாவுன் மலைப்பகுதியில் 1921-ல் மக்கள் கோபம் காட்டுத் தீயாக வெளிப்பட்டது. அதற்குப் பத்தாண்டு கழித்து 1931-ல் வனப் பஞ்சாயத்து விதிகள் அங்கு வந்தன. அப்பஞ்சாயத்துகள் இன்றும் உயிருடன் இருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பின் வங்காளத்தில் நிகழ்ந்த ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. மேதினிபுரம் மாவட்டத்து அரபாரியில் 1972-ல் வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, அழிந்துபோன சால மரக் காட்டைச் சுற்றுக் கிராமத்தாரின் காவலில் விட்டார். மரம் முற்றி விற்பனையாகும்போது கால் பங்கு அவர்களுக்கு என்பது உடன்பாடு. காவலாளிகளால் காக்க முடியாத காட்டைக் கால் பங்கு காத்தது. அந்த அனுபவம் 1988-ம் ஆண்டின் தேசிய வனக் கொள்கைக்கும், 1990 ஜூன் 1-ந் தேதி மத்திய அரசு வெளியிட்ட கூட்டு வன நிர்வாகச் சுற்றறிக்கைக்கும் வழிகோலியது. தமிழ்நாட்டில் 1997-ல் ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராமந்தோறும் வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பொதுக்குழுவில் அங்கம் பெற்றனர் என்பது பெரிதும் பாராட்டத்தக்கது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி ஏறி, பரம்பரையாகக் காட்டைச் சார்ந்து வாழ்வோரின் சமுதாய உரிமையையும், காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபையோடு இணைத்தது. அச்சட்டத்தின் பலத்தால்தான் 2013-ல் ஒரிஸ்ஸாவின் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என ஒருமுகமாகத் தீர்மானித்தன.

ஏட்டில் உள்ள குழு

நிற்க. சட்டம் ஏறிய அளவுக்கு வழக்கம் ஏறியிருக்கிறதா? சங்கங்களின் புத்தகங்களைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சங்கம் எத்தனை அங்கத்தினரைக் கொண்டது என்பதை நாம் முதலில் பார்ப்பதில்லை. நிகழ்ச்சிக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, மகாசபையில் யாராவது மறுத்துப் பேசியிருக்கிறார்களா என்று பார்க்கிறோம். ஒரு மறுப்புமின்றி ஆண்டுக்கணக்கில் எல்லாம் ‘ஏகமனதாக’ நிறைவேறியிருந்தால், அச்சங்கத்துக்கு நோய் இருக்கிறது என்று ஐயுறுகிறோம்.

வனக் குழுவுக்கும் இந்த உரைகல் பொருந்தும். திட்டம் முழுதும் எழுதி முடித்தபின் மக்களைக் கூட்டி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கினால் அது அறிவிப்பே ஆகும், ஆலோசனை ஆகாது. வன அலுவலரே குழுவின் செயலராய் இருந்து, குறிப்பும் கணக்கும் அவர் கையிலேயே இருக்குமானால், குழுவின் தலைவர் கையொப்பத்துக்கு மட்டுமே உரியவராவார். நெசவாளர் சங்கத்தில் தறிக்காரரைக் கேளாமல் டிசைனும் நிறமும் மேலிடத்தில் முடிவாகி, நெய்த சேலைகள் அலமாரியில் தேங்கிய கதையை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். பாவு ஓடியபின் ஊடையைப் பற்றி யோசிப்பது வீண்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ‘மக்கள்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோமே, அவர்கள் ஒரே நலம் உடையவர்கள் அல்லர். வாய்க்கால் மீன் பிடிப்பவர், காயலில் வலை வீசுபவர், மாடு மேய்ப்பவர், விறகு எடுக்கும் பெண்கள், மேலே நெல் விளைவிப்பவர் என ஒவ்வொருவர் வழக்கும் வேறு. கன்று நட்ட இடத்தில் மேய்ச்சலை நிறுத்தினால் ஊருக்கு நன்மை. ஆனால் நான்கு மாட்டை நம்பிய குடும்பத்துக்கு அன்றே நஷ்டம். அந்த நஷ்டத்துக்குத் தீவனமோ வேறு தொழிலோ காட்டாமல் வேலி போட்டால், இரவில் வேலி விழும். உரக்கப் பேசுபவர் குரல் மட்டும் சபையில் கேட்குமானால், வாய் திறவாதவரின் நஷ்டத்தில் காடு வளர்க்கப்பட்டதாகும். அத்தகைய காடு நெடுநாள் நில்லாது.

வயலுக்கும் காட்டுக்கும் உள்ள பந்தம்

கடற்கரையிலிருந்து பத்துக் காத தூரத்திலுள்ள உழவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1952, 1977, 2018 ஆகிய ஆண்டுகளின் புயல்களை நாகைக் கரையோரத்தார் மறக்கமாட்டார்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. முத்துப்பேட்டைக் காடும் அந்த அடியைத் தாங்கிப் பெருஞ்சேதம் அடைந்தது. காற்றையும் அலையையும் முதலில் எதிர்கொள்வது இக்காடுதான். மூச்சு வேர்கள் நிறைந்த சேறு அலையின் வேகத்தை உறிஞ்சுகிறது. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அவ்வேர்களுக்கிடையேதான்.

மறுபுறம், காட்டின் உயிர் நம் வாய்க்கால்களில் இருக்கிறது. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரமே ஒழிய, உப்பையே உண்டு வாழும் மரமன்று. ஆற்று நீர் கலந்தால்தான் அது தழைக்கும். ஐப்பசி முதல் தை வரை ஆறுகளில் நீர் வரும்போது காயலின் உப்பு தணிகிறது. கோடையில் கடலினும் மிகுகிறது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரி நீர் கணக்கிட்டுப் பங்கிடப்படுகிறது. 2007-ம் ஆண்டில் காவிரி நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பில், சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலில் சேரும் நீருக்கென 4 டி.எம்.சி.யும் தனியே வைக்கப்பட்டன. 2018-ல் மாநிலங்களின் பங்கை உச்ச நீதிமன்றம் திருத்தியபோதும் இந்த ஒதுக்கீடு மாறவில்லை. கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்று மேடைகளில் பேசுவது எளிது. அந்த நீரிலும் ஒரு பாத்தியதைக்காரர் உண்டு. அவர் நம் கடைமடைக்கும் கீழே நிற்கிறார். கடைமடைக்காரரின் வருத்தம் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்? மேல்மடையார் நம்மை மறக்கும்போது நாம் அடையும் மனத்தாங்கலை, நாம் இக்காட்டுக்கு உண்டாக்கலாகாது. வடிகாலில் நாம் விடும் பூச்சிமருந்தும் அங்கேதான் போய்ச் சேருகிறது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

செய்யவேண்டுவன

மீன்முள் வாய்க்கால்கள் ஒருமுறை வெட்டினால் என்றும் நிலைப்பவை அல்ல. ஓதம் கொண்டுவரும் வண்டலால் சில ஆண்டுகளில் அவை தூர்ந்துபோகும். தூர்ந்தால் நீர் தேங்கும். பழைய பொட்டல் திரும்பும். வெளிநாட்டு உதவியும் திட்டப்பணமும் உள்ளவரை வேலை நடக்கிறது. பணம் நின்றபின் மண்வெட்டி எடுப்பவர் யார்? இதுவே இக்காட்டின் முன்னுள்ள உண்மையான கேள்வி. நம் முன்னோர் ஆற்று வாய்க்காலுக்குக் குடிமராமத்து என்ற விடை கண்டனர். தன் வயலுக்கு நீர் வரும் என்பதாலும், முறை வைத்ததில் தனக்கும் சொல் உண்டு என்பதாலுமே குடியானவன் மண்வெட்டியோடு வந்தான். காட்டு வாய்க்காலுக்கும் அவ்விரண்டும் வேண்டும்: பலனில் பங்கு, முடிவில் சொல்.

ஆகவே கரையோரக் கிராமங்களிலுள்ள நம் அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, வனக் கோட்டந்தோறும் வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை செயல்திட்டம் வகுக்கப்படுகிறது. அது எப்போது எழுதப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து, எழுதுமுன் கிராம சபையில் கருத்தைப் பதிவு செய்யவேண்டும். எழுதி முடிந்தபின் விழித்தால் அடுத்த பத்து ஆண்டு காத்திருக்க நேரும். கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாய்ப்பு இல்லை என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது, வனக் குழுவின் வரவு செலவு ஆண்டுக்கு ஒருமுறையேனும் சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். கேள்வி கேட்டவர் பெயரும் அளித்த விடையும் குறிப்பில் ஏறவேண்டும்.

மூன்றாவது, லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் வைக்காத சங்கத்தை நாம் சங்கமாகவே மதிப்பதில்லை. அதுபோல் வனக் குழுவும் வாய்க்கால் தூர்வாருவதற்கென்றே ஒரு நிதியைத் தனியே வைத்து, வேறு செலவுக்குத் தொடாமல் காக்கவேண்டும்.

நான்காவது, மேய்ச்சலும் விறகும் இழப்போர் யார் யார் என்று பெயர் குறித்துப் பட்டியல் எழுதி, அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்தபின்பே நடவு தொடங்கவேண்டும். பால் சங்கமும் கடன் சங்கமும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும்.

ஐந்தாவது, மேல்பகுதி உழவர் சங்கங்களும் கடலோரச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருநாளாவது கூடி, நீரும் வடிகாலும் பற்றிப் பேசவேண்டும். ஒரே ஆற்றின் மக்கள் ஒருவரையொருவர் அறியாதிருப்பது அழகன்று.

தமிழ்நாட்டில் பசுமை இயக்கம் 2022-ல் தொடங்கியிருக்கிறது. அலையாத்திக் காடுகளுக்கென மத்திய அரசும் 2023-ல் தனித்திட்டம் வகுத்திருக்கிறது. பணமும் ஆணையும் வருகின்ற காலம் இது. இத்தகைய காலத்தில்தான் விழிப்பு அதிகம் வேண்டும். எத்தனை ஏக்கரில் கன்று நட்டோம் என்ற கணக்கு எளிதில் எழுதப்பட்டுவிடும். பத்தாம் ஆண்டில் எத்தனை மரம் நிற்கிறது, அதன் கீழே எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்ற கணக்கை எழுதுவது கரையோரத்துக் குடிகளின் சபையே. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நம் அங்கத்தினர் ஒருவராவது எழுந்து, ‘நம் காட்டுத் திட்டத்தை இங்கே வாசியுங்கள்’ என்று கேட்பாராக.